ஆர்வெல்: முதலில் எந்தப் புத்தகம்?

ஜார்ஜ் ஆர்வெல்லைப் படிக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "விலங்குப் பண்ணையா, 1984-ஆ?" ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். பல வருடங்கள் நானும் அப்படித்தான் செய்தேன். இந்த இரண்டோடு நின்றுவிட்டவர்கள் ஆர்வெல்லை ஒரு தடியாகத் தூக்கிக்கொள்கிறார்கள் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். தங்களுக்குப் பிடிக்காத அரசையோ கட்சியையோ பார்த்தால் "அப்படியே 1984" என்று ஓங்கி ஒரு அடி. இடதுசாரிகள் வலதுசாரிகளை அடிக்கிறார்கள், வலதுசாரிகள் இடதுசாரிகளை அடிக்கிறார்கள். அந்த எழுத்தாளர் முதலில் விரல் நீட்டியது தன்னை நோக்கி என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது.

அதனால், முதல் புத்தகமாக எடுக்கக்கூடிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. 'விலங்குப் பண்ணை' (1945), '1984' (1949), ஸ்பெயின் போர் அனுபவ நூலான 'ஹோமேஜ் டு கேட்டலோனியா' (1938), அப்புறம் அவருடைய கட்டுரைகள்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, நேரமும் மொழியும். ஆர்வெல்லின் ஆங்கிலம் தெளிவானது, ஆனால் நான்கு நூல்களிலும் சுமை ஒன்றல்ல. இரண்டாவது, படிக்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது. மூன்றாவது, புத்தகத்தை மூடிய பிறகு கையில் என்ன நிற்கிறது, நாளைக் காலை செய்தித்தாளைத் திறக்கும்போது அது உதவுமா என்பது.

நான்காவதை நான் மற்ற மூன்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். இந்தப் புத்தகத்தைத் தவறாகப் புரிந்துகொள்ள எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? ஆர்வெல் விஷயத்தில் மறைமுகச் செலவு என்பது இதுதான். புத்தகத்தின் விலை ஒரு பொருட்டே இல்லை. அவர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்ததும், 2011 தொடக்கத்திலிருந்து, இந்தியாவில் அவர் எழுத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. மலிவுப் பதிப்புகள் எங்கும் கிடைக்கின்றன.

| நூல் | நேரம் | முன்னறிவு | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| விலங்குப் பண்ணை | இரண்டு மாலைகள் | வேண்டாம். ரஷ்யப் புரட்சி தெரிந்தால் நல்லது | "எல்லாப் புரட்சியும் வீண்" என்ற எளிய முடிவு | பதின்வயதினர், தமிழில் படிப்பவர்கள் |
| 1984 | ஒன்றிரண்டு வாரம் | வேண்டாம் | நடுவில் ஒரு தொய்வு. கடைசிப் பகுதியின் சித்திரவதை | முழு நாவல் படிக்கும் பொறுமை உள்ளவர்கள் |
| ஹோமேஜ் டு கேட்டலோனியா | ஒரு வாரம் | ஸ்பெயின் உள்நாட்டுப் போர் பற்றிக் கொஞ்சம் | கட்சிப் பெயர்களின் காடு | கட்சி, இயக்கம், ஊடகத்தில் இருப்பவர்கள் |
| கட்டுரைகள் | ஒரு கட்டுரைக்கு அரை மணி | வேண்டாம் | நாவல்களின் பிரமாண்டம் இருக்காது | கிட்டத்தட்ட எல்லோருக்கும் |

## 1984

நான் முதலில் படித்தது இதைத்தான், பத்தொன்பது வயதில். கண்காணிப்புதான் இந்த நாவல் என்று அப்போது நினைத்தேன். சுவரில் மாட்டிய தொலைதிரை, அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு கண், தெருவெங்கும் 'பெரிய அண்ணன்' என்ற தலைவரின் படம். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2013-ல் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவு அமைப்பின் ஆவணங்களை வெளியிட்டபோது இந்த நாவலின் விற்பனை சட்டென்று எகிறியது. 2014-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது பாங்காக்கில் சிலர் பொது இடத்தில் நின்று இதை மௌனமாகப் படித்தார்கள். எதிர்ப்பைக் காட்ட அதுவே போதுமாக இருந்தது.

நாற்பதைத் தாண்டி மறுபடி படித்தபோது வேறு ஒரு நாவல் கண்ணில் பட்டது. நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தின் வேலை என்ன? பழைய செய்தித்தாள்களைத் திருத்துவது. தலைவர் சொன்னது நடக்கவில்லை என்றால், நடந்ததற்கு ஏற்றபடி அவர் பேச்சை மாற்றி எழுதுவது. ஒரு நாள் அவன் ஓகில்வி என்ற வீரனையே கற்பனையில் உருவாக்குகிறான். 23 வயதில் நாட்டுக்காக உயிர் விட்டவன், சிகரெட்டைத் தொடாதவன். ஒரு மணி நேரத்துக்கு முன்பு இல்லாத ஆளுக்கு இப்போது வரலாறு இருக்கிறது. என்னைப் பிடித்து நிறுத்திய இடம் இதற்குப் பக்கத்தில் இருக்கிறது. வின்ஸ்டனின் வாழ்க்கையில் இருக்கும் மிகப் பெரிய சந்தோஷமே இந்த வேலைதான் என்று ஆர்வெல் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போகிறார். அவன் அந்தப் பொய்யை வெறுக்கிறான், அதே பொய்யைத் திறமையாகச் செய்து முடிப்பதில் மகிழவும் செய்கிறான். அலுவலகத்தில் ஓர் அறிக்கையை மேலிடத்துக்குப் பிடித்த மாதிரி எழுதிக் கொடுத்துப் பாராட்டு வாங்கியவர்களுக்கு இந்த வரி சுடும்.

சாக்லேட் கதையையும் கவனியுங்கள். ரேஷன் 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறையப்போகிறது என்பது முன்பே வந்த செய்தி. மறுநாளே ரேஷனை 20 கிராமாக உயர்த்தியதற்கு நன்றி சொல்லி ஊர்வலம் போனதாக அறிவிக்கிறார்கள். ஒரே நாள்தான் இடைவெளி. பக்கத்து மேசைக்காரர்கள் அதை விழுங்கிவிட்டார்களா என்று வின்ஸ்டன் பார்க்கிறான். விழுங்கிவிட்டார்கள். கேமராவுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. நேற்றை நினைவு வைத்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனதே போதும்.

செலவு எங்கே? இரண்டாம் பாகத்தில், ஆட்சியின் எதிரியான கோல்ட்ஸ்டைன் எழுதியதாக வரும் அரசியல் நூல் பக்கம் பக்கமாக நீள்கிறது. நானும் முதல் தடவை அங்கேதான் புத்தகத்தை மூடிவைத்தேன். மூன்றாம் பாகத்தின் சித்திரவதைக் காட்சிகள் இளகிய மனமுள்ளவர்களைப் பல நாள் தொந்தரவு செய்யும். இன்னொன்று, தவறாகப் படிக்கப்படும் ஆபத்து. நாவல் வந்த உடனேயே அமெரிக்காவில் சிலர் இதைச் சோஷலிசத்தின் மீதான தாக்குதல் என்றார்கள். ஆர்வெல் 1949 ஜூனில் தெளிவாக மறுத்தார். தான் ஆதரிக்கும் பிரிட்டிஷ் தொழிற்கட்சியைத் தாக்குவதற்காக எழுதவில்லை என்றும், கதையைப் பிரிட்டனில் வைத்ததே ஆங்கிலம் பேசுகிறவர்கள் பிறவியிலேயே மேலானவர்கள் இல்லை என்று காட்டத்தான் என்றும் சொன்னார். "அங்கே நடக்கும், இங்கே நடக்காது" என்ற நிம்மதியை உடைக்க எழுதிய நாவலை, அந்த நிம்மதிக்காகவே படிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். கடைசியில், நாவலின் ஆட்சி உருவாக்கும் நியூஸ்பீக் மொழி பற்றிய பின்னிணைப்பு இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஒரு புத்தகக் கழகம் அதையும் கோல்ட்ஸ்டைன் பகுதியையும் வெட்டச் சொன்னபோது, காசநோயில் படுத்திருந்த ஆர்வெல் முடியாது என்றார். அந்தப் பின்னிணைப்பு முழுக்க இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் அந்த ஆட்சி என்றோ ஒரு நாள் முடிந்துபோனது என்று வாசிப்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். அது இல்லாத பதிப்பில் நாவல் முழு இருட்டில் முடிந்துவிடும்.

## விலங்குப் பண்ணை

நான்கில் எளியது. க.நா.சு. செய்த தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் அதிலேயே தொடங்கலாம்.

இந்தச் சின்னப் புத்தகம் வெளிவரப் பட்ட பாடு இன்றைக்கும் பேச வேண்டிய கதை. 1944-ல் சோவியத் யூனியன் பிரிட்டனின் போர்க்கூட்டாளி. ஸ்டாலினைக் கிண்டல் செய்யும் புத்தகத்தை பதிப்பாளர் கொலான்ஸ் மறுத்தார், ஃபேபர் பதிப்பகத்தில் இருந்த டி.எஸ். எலியட் மறுத்தார். ஜோனதன் கேப் முதலில் ஒப்புக்கொண்டு, தகவல் அமைச்சக அதிகாரி ஒருவர் வேண்டாம் என்றதும் பின்வாங்கினார். அந்த அதிகாரி சோவியத்தின் ஆள் என்பது பிற்பாடு தெரியவந்தது. கடைசியில் செக்கர் அண்ட் வார்பர்க் 1945 ஆகஸ்ட் 17 அன்று வெளியிட்டது. ஆர்வெல் இதற்கு எழுதி, அச்சேறாமல் போன ஒரு முன்னுரை 1972-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அரசு தடை போடவில்லை, நாமே வாயை மூடிக்கொண்டோம் என்பதுதான் அதன் சாரம். முன்னுரை சேர்ந்த பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பண்ணை விலங்குகள் மனிதனை விரட்டிவிட்டுத் தாங்களே ஆள்கின்றன, பன்றிகள் மெல்ல எஜமானர்களாகின்றன. கதை பலருக்கும் தெரியும், விரிவாகச் சொல்லப்போவதில்லை. செலவு மட்டும் சொல்கிறேன். படித்து முடித்தவர்களில் பாதிப் பேர் "யார் வந்தாலும் இப்படித்தான், எதையும் மாற்ற முடியாது" என்று சொல்லிக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். ஆர்வெல்லின் மனதில் இருந்தது நேர் எதிர். 1946 டிசம்பரில் அமெரிக்க நண்பர் ட்வைட் மெக்டொனால்டுக்கு எழுதிய கடிதத்தில் கதையின் திருப்புமுனை எது என்று அவரே குறிப்பிடுகிறார்: பாலையும் ஆப்பிளையும் பன்றிகள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட இடம். மற்ற விலங்குகள் அன்றைக்கே உறுதியாக நின்று கேட்டிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்கிறார். நெப்போலியன் என்ற பன்றித் தலைவனின் நாய்கள் வருவதற்கு வெகுமுன்னால், சில வாளிப் பாலில் விஷயம் முடிந்துவிட்டது. தலைவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவர் கவலை.

பாக்ஸரின் முடிவு எந்த வயதிலும் நெஞ்சை அடைக்கிறது. உழைத்து உழைத்து விழுந்த குதிரையை ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போகிறது வண்டி. அதன் பக்கவாட்டில் குதிரை அறுப்பவன் பெயர் எழுதியிருக்கிறது. மற்ற விலங்குகள் 'போய் வா' என்று வழியனுப்புகின்றன. படிக்கத் தெரிந்த கழுதை பெஞ்சமின் அந்த எழுத்தைச் சத்தமாக வாசிக்கும்போது நேரம் கடந்துவிட்டது. அதற்கு எப்போதோ படிக்கத் தெரியும், இதுவரை வாசித்துச் சொன்னதில்லை.

## ஹோமேஜ் டு கேட்டலோனியா

1936 டிசம்பரில் பார்சிலோனா போய், கலகத் தளபதி ஃபிராங்கோவுக்கு எதிராக போவும் என்ற சிறிய மார்க்ஸியக் கட்சியின் படையில் சேர்ந்தார் ஆர்வெல். 115 நாட்கள் போர்முனையில் இருந்தார். 1937 மே 20 அதிகாலையில் ஹுவெஸ்கா அருகே கழுத்தில் குண்டு பாய்ந்தது. சில வாரங்களில் அந்தக் கட்சியே பாசிஸ்டுகளின் கைக்கூலி என்று குற்றம்சாட்டித் தடை செய்யப்பட்டது. குற்றம்சாட்டியவர்கள் அதே அணியில் நின்ற கம்யூனிஸ்டுகள். கட்சித் தலைவர் ஆண்ட்ரூ நின் கைதாகிக் கொல்லப்பட்டார். ஆர்வெல்லும் மனைவி ஐலீனும் உயிர் தப்பி எல்லையைக் கடந்தார்கள்.

பின்னாளில் அவர் எழுதிய இரண்டு நாவல்களுக்கும் விதை இங்கேதான். சண்டையே நடக்காத இடத்தில் பெரும் போர் நடந்ததாகவும், நூற்றுக்கணக்கானோர் செத்த இடத்தில் ஒன்றுமே நடக்காததாகவும் செய்தித்தாள்கள் எழுதியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். லண்டன் அறிவாளிகள் அதை நம்பியதையும் பார்த்தார்.

எனக்கு இந்த நூலில் மிகவும் பிடித்தது கடைசியில் வரும் ஓர் எச்சரிக்கை. தன் சார்பைக் குறித்தும், தன் தகவல் பிழைகளைக் குறித்தும், ஒரே ஒரு மூலையிலிருந்து பார்த்ததால் வரும் கோணலைக் குறித்தும் எச்சரிக்கையாக இருங்கள் என்று அவரே வாசகரிடம் சொல்கிறார். இந்தப் போரைப் பற்றிய மற்ற புத்தகங்களைப் படிக்கும்போதும் அதே எச்சரிக்கை வேண்டும் என்று கூடவே சேர்த்துக்கொள்கிறார். தன் பக்கத்து நியாயத்தை உரக்கச் சொல்லும் ஒருவர் இப்படி எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை.

செலவு கணிசமானது. கட்சி, தொழிற்சங்கப் பெயர்களின் சுருக்கெழுத்துகள் தலையைச் சுற்ற வைக்கும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. அரசியலை விளக்கும் இரண்டு அத்தியாயங்களைப் பின்னிணைப்பாக மாற்றும்படி ஆர்வெல் விரும்பினார். 1980-களுக்குப் பிறகு வந்த திருத்திய பதிப்புகளில் அப்படியே இருக்கிறது. அந்தப் பதிப்பை எடுத்தால் முதல் வாசிப்பு ஓடும். 1938-ல் வெறும் 1,500 படிகள் அச்சிட்டு, அவர் சாகும் வரை அதுவே விற்றுத் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உண்மையாக எழுதினால் உடனே கேட்பார்கள் என்று அவருக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

இயக்கத்திலோ கட்சியிலோ இருந்து, சொந்தத் தோழர்கள் மேல் அவதூறு விழுவதைப் பார்த்தவராக இருந்தால், நேராக இங்கே வாருங்கள். மற்றவர்கள் இதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம்.

## கட்டுரைகள்: என் முதல் தேர்வு

கட்டுரைகளில் முதலில் 1936-ல் எழுதிய 'ஷூட்டிங் ஆன் எலிஃபன்ட்'. ஏழெட்டுப் பக்கம்.

ஆர்வெல்லின் இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். 1903-ல் பிகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். அப்பா ஆங்கில அரசின் அபின் துறை அதிகாரி. அம்மா வளர்ந்தது பர்மாவின் மோல்மீனில். 19 வயதில் பர்மாவுக்குப் போலீஸ் அதிகாரியாகப் போன அவர் 1927 வரை அங்கே இருந்தார். அதே மோல்மீன்தான் கட்டுரையின் களம். மதம் பிடித்த யானை ஒன்று சந்தையைச் சூறையாடுகிறது, ஒரு மனிதனை மிதித்துக் கொல்கிறது. அதிகாரி துப்பாக்கியோடு போகும்போது யானை வயலில் அமைதியாகப் புல் தின்றுகொண்டிருக்கிறது. சுட வேண்டிய அவசியமில்லை என்பது அவருக்குத் தெரிகிறது. திரும்பிப் பார்த்தால் இரண்டாயிரம் பேர். வெள்ளைக்காரன் சுடுவான் என்று காத்திருக்கிறார்கள். சுடாமல் போனால் சிரிப்பார்கள். சுடுகிறார். யானை சாக அரை மணி நேரம் ஆகிறது.

மிதிபட்டுச் செத்த மனிதனுக்குக் கட்டுரையில் பெயர் இல்லை. இந்தியன், கறுத்த திராவிடக் கூலி என்று மட்டும் எழுதுகிறார். தமிழ்க் கடற்கரையிலிருந்தும் ஆந்திரக் கடற்கரையிலிருந்தும் ஆட்கள் கப்பல் கப்பலாகப் பர்மாவுக்குப் பிழைக்கப் போன காலம் அது. கட்டுரை முடிவில் இளம் வெள்ளையர்கள், கேவலம் ஒரு கொரிங்கிக் கூலியைக் கொன்றதற்காக யானையைச் சுடுவதா, அவனைவிட யானைக்கு மதிப்பு அதிகம் என்கிறார்கள். கொரிங்கி என்பது கோதாவரி முகத்துவாரத்தை ஒட்டிய கோரிங்காவிலிருந்து வந்த பெயர். அடுத்து ஆர்வெல் எழுதுவதுதான் என்னை உலுக்கியது. அந்தக் கூலி செத்ததில் தனக்கு மிகுந்த சந்தோஷம் என்கிறார். யானையைச் சுட்டது சட்டப்படி சரி என்று ஆகிவிட்டதே. தான் சுட்டதற்கு உண்மையான காரணம் முட்டாளாகத் தெரியக்கூடாது என்ற பயம் மட்டுமே என்பதை மற்றவர்கள் கண்டுபிடித்தார்களா என்றும் யோசிக்கிறார்.

இந்தச் சம்பவம் அப்படியே நடந்ததா என்று ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. நடந்ததோ இல்லையோ, அதிகாரம் தன் கையில் இருந்தபோது தானே எப்படிப் பொய்யானேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு 1984-க்குப் போனால் வின்ஸ்டனின் வேலைச் சந்தோஷம் முதல் வாசிப்பிலேயே கண்ணில் படும். எனக்கு இருபது வருடங்களுக்கு மேல் ஆனது.

இரண்டாவதாக, 1946-ல் எழுதிய 'பாலிடிக்ஸ் அண்ட் தி இங்கிலீஷ் லாங்குவேஜ்'. கிராமங்களைக் குண்டு வீசி அழித்து, மக்களை ஊரைவிட்டுத் துரத்திவிட்டு, அதற்கு 'அமைதிப்படுத்துதல்' என்று பெயர் வைக்கிறார்கள் என்கிறார். பெயர் வைத்தால் படம் மனதில் எழாது. ஆங்கிலத்தைப் பற்றி எழுதியதுதான், ஆனால் 'ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன' என்ற செய்தியை அதன் பிறகு என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. அகற்றியவர் யார், அந்த அடுப்பும் பாத்திரமும் எங்கே போயின என்று தேடுகிறேன்.

இதன் செலவு சிறியது. தொகுப்புகளில் பிரிட்டிஷ் சமையல், தேநீர், துப்பறியும் கதை என்று எல்லாம் கலந்திருக்கும், தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும். நாவல் தரும் மூழ்கலும் கிடைக்காது.

## வேறு இரண்டு விஷயங்கள்

'பர்மீஸ் டேஸ்' (1934) நாவல் பற்றியும் கேட்கிறார்கள். அதைத் தொடக்கமாகப் பரிந்துரைக்க மாட்டேன். யானைக் கட்டுரை பிடித்திருந்தால் பிறகு எடுங்கள்.

இன்னொன்று, ஆர்வெல்லைத் தெய்வமாக்க வேண்டாம். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 1949-ல், கம்யூனிஸ்ட் அனுதாபிகள் என்று தான் கருதிய 38 பேரின் பட்டியலை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் பிரச்சாரப் பிரிவுக்குக் கொடுத்தார். அரசின் கம்யூனிச எதிர்ப்புப் பிரச்சாரத்துக்கு இவர்களை நம்ப வேண்டாம் என்று சொல்லத்தான் என்று சிலர் வாதாடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கண்காணிப்பைப் பற்றி எழுதிய கை அந்தப் பட்டியலையும் எழுதியது. எந்த நூலில் தொடங்கினாலும் இதைத் தெரிந்துகொண்டே படிப்பது நல்லது.

## எனவே, உங்களுக்கு எது?

அரை மணி நேரம்தான் இருக்கிறதா? யானை. ஒரு வார விடுமுறையும் நாவல் பசியும் இருக்கிறதா? யானையைப் படித்துவிட்டு அடுத்த நாளே 1984. கோல்ட்ஸ்டைன் பகுதி இழுத்தால் அதைத் தள்ளிவைத்துக் கதையைத் தொடருங்கள், முடித்துவிட்டுத் திரும்பி வரலாம். பத்திரிகையில் வேலை செய்பவர்களும் அரசியலில் இருப்பவர்களும் கேட்டலோனியாவைத் தள்ளிப்போட வேண்டாம். மனச்சோர்வான காலத்தில் இருப்பவர்கள் 1984-இன் மூன்றாம் பாகத்தைத் தொடாதீர்கள். கட்டுரைகளே போதும்.

வீட்டில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இருந்தால் விலங்குப் பண்ணையைச் சேர்ந்து உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். ஸ்டாலின், ட்ராட்ஸ்கி எல்லாம் இப்போது வேண்டாம். இரண்டாம் அத்தியாயம் முடியும்போது விலங்குகள் அன்றைய அறுவடை வேலை முடித்துத் திரும்பி வரும், பால் காணாமல் போயிருக்கும். யார் எடுத்தது என்று ஆர்வெல் அந்த இடத்தில் சொல்ல மாட்டார். அங்கே புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்து, பால் எங்கே போயிருக்கும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.